பதினாலாவது ரீல்

கொஞ்சம் கிட்ட வந்து குந்துங்க. சினிமா கொட்டாயில் பொம்பளைங்க வாசலில் டிக்கெட்டு கிழிக்கிற வேலை இருக்கிறதே, அதைவிட ஜாஸ்தியாகத் திட்டு வாங்குகிற வேலை இந்தத் திருவண்ணாமலையில் வேறு கிடையாது. அதையெல்லாம் தூரத்தில் இருக்கிறவர்களுக்குக் கத்திச் சொல்ல என் தொண்டையில் தெம்பில்லை.

எழுபதுகளில் எங்கள் முதலாளிக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு டூரிங் கொட்டாய் இருந்தது. அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்புறம் அவர் டவுனில் கட்டடமாகவே தியேட்டர் கட்டினார். என் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நானும் இங்கே வந்தேன். ரெண்டு இடத்திலும் எல்லாருக்கும் நான் 'கொட்டாயக்கா'தான். பெற்றவர்கள் வைத்த பெயரை ரேஷன் கார்டில்தான் பார்க்க வேண்டும்.

எண்பதுகளில் தெருவுக்கு நாலு வீட்டில் டிவி வந்தது. கூட்டம் கம்மியாச்சு. முதலாளி ஒரு யோசனை செய்தார். காலைக் காட்சிக்குப் பழைய படம் போட்டால், சின்ன வயசில் பார்த்ததை மறுபடி பார்க்க ஜனம் வரும் என்றார். ஜனம் வந்தது. வந்து, பார்த்துவிட்டு, சண்டைக்கு நின்றது. புதுப் படம் நன்றாக இல்லையென்றால் படத்தைத் திட்டுவார்கள். பழைய படம் நன்றாக இல்லையென்றால் எங்களைத் திட்டுவார்கள். பதினைந்து இருபது வருஷமாக அந்தப் படத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் இல்லையா, அதில் என்னென்னமோ சேர்ந்து போயிருக்கும், என்னென்னமோ கழன்று போயிருக்கும். நீங்களும் அப்படி ஒரு படத்தை ஆசையாகப் போய்ப் பார்த்து ஏமாந்திருப்பீர்கள். உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். ஒரே ஒரு படத்தால், ஒரே ஒரு வாரத்தில், நான் பட்ட எரிச்சலைச் சொல்கிறேன், கேளுங்கள். படத்தின் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் நீங்களும் சண்டைக்கு வருவீர்கள்.

ஊஞ்சல் பாட்டு

வெள்ளிக்கிழமை படம் மாறியது. முதல் காட்சி விட்டதும் விடாததுமாக ஒருத்தர் நேரே என் வாசலுக்கு வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊரில் எல்லாரும் கண்டக்டர் ஐயா என்றுதான் சொல்வோம். ஆம்பளைங்க வாசலில் சண்டை போட ஆள் ஜாஸ்தியாக இருந்ததால் இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

"இந்தப் படத்த நான் கீழ்பென்னாத்தூர் கொட்டாயில ஒம்போது தடவ பார்த்தவன். ஊஞ்சல் பாட்டு எங்கம்மா? எவன் வெட்டினான்?" என்றார். ஊஞ்சல் பாட்டு ஒன்று இந்தப் படத்தில் இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. ஒன்பது காட்சிக்கும் பொம்பளைங்க வாசலில் டிக்கெட்டு கிழித்தவள் நான், நானும் துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறேனே. அவர் விடுகிறாரா? "இருவத்தி மூணு வருசம் டிக்கெட்டு கொடுத்தவன்மா நானு. செங்கத்துக்கு டிக்கெட்டு வாங்கினவன என்னிக்காச்சும் பாதி வழியில எறக்கி வுட்டிருக்கேனா? நீங்க எப்பிடிப் பாட்ட எறக்கி வுடலாம்? அது போதாதுன்னு கடைசியில வேற சவ்வு மாதிரி இழுக்கிறீங்க!" என்று சத்தம் போட்டார்.

அவர் வீட்டம்மா பின்னால் வந்து நின்று கேட்டுக்கொண்டே இருந்தது. "அந்தப் பாட்டு இந்தப் படமே இல்லீங்க. நம்ம கல்யாணத்தன்னிக்கு மைக் செட்டுக்காரன் தேய்ச்சித் தேய்ச்சிப் போட்டான் பாருங்க, அது" என்றது. கண்டக்டர் ஐயா ஒரு நிமிஷம் யோசித்தார். குரல் மட்டும் இறங்கவே இல்லை.

"இருக்கட்டுமே! அத்தக்கூட இவங்க போட்டிருக்கலாமில்ல?"

மலை சுற்றிய பலன்

சனிக்கிழமை சாரதா வந்தாள். வேங்கிக்கால் பக்கம் புதுசாக மனை வாங்கிக் குடிபோன தையல்காரி. கல்யாணத்துக்கு முன்னால் இந்தப் படத்தின் கதாநாயகன் மேல் அவளுக்கு ஒரே பைத்தியம். ஜாக்கெட் தைக்கிற மிஷினில் அவன் படத்தை ஒட்டி வைத்திருந்தவள். அன்றைக்குப் பட்டுப்புடவையில் வந்தாள், கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி.

இடைவேளைக்கு வெளியே வந்தபோதே முகம் சரியில்லை. என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் சுவரோரம் சாய்ந்துகொண்டு கேட்டாள். "யக்கா, சோத்துல கல்லு இருந்துதுன்னு தட்டால அடிக்கிறான். அவ மேல சந்தேகப்பட்டு அடிக்கிறான். மழையில நிக்க வெச்சி அடிக்கிறான். இதெல்லாம் அப்பவும் இருந்துதா?" இருந்தது என்றேன். "எனக்கு அவன் சிரிச்சதுதான் ஞாபகம் இருக்குது. அடிச்சது ஒண்ணுகூட ஞாபகம் இல்லியே" என்றாள்.

எனக்கும் அதே எரிச்சல்தான். அந்தக் காலத்தில் அவன் அடிக்கும்போது ஆம்பளைங்க பக்கத்திலிருந்து விசில் வரும். பொம்பளைங்க பக்கத்திலிருந்து அழுகைச் சத்தம் வரும். அடித்தவனுக்காகவே அழுவார்கள், 'பாவம், எவ்ளோ பாசம் இருந்தா இப்பிடிக் கோவம் வரும்' என்று. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டவள்தான், பொய் சொல்வானேன். சாரதா அப்புறம் உள்ளே போகவே இல்லை. போகும்போது மலையைப் பார்த்துக் கை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனாள்.

"இவன மாதிரி புருசன் வேணும்னு பதினாறு பௌர்ணமி அந்த மலையச் சுத்துனேன்கா. அதுவும் ஒரு வார்த்த 'வேணாண்டி'ன்னு சொல்லாம பார்த்துக்கினே இருந்துது பாரு!"

சம்பந்தம் கை

பாட்டைக் காணோம் என்று கண்டக்டர் ஐயா மேனேஜரிடம் எழுதியே கொடுத்துவிட்டார். மேனேஜர் அந்தக் காகிதத்தோடு மாடிக்கு ஏறி, ஆப்பரேட்டர் சம்பந்தத்தை விசாரித்தார். அவ்வளவுதான், சம்பந்தம் சாமி வந்தவர் மாதிரி ஆடிவிட்டார். வேறு ஊர்களில் ஆப்பரேட்டர்கள் துண்டு துண்டாகப் பிலிமை வெட்டி எடுத்துக்கொள்வது உண்டு. சம்பந்தம் அந்த ஜாதி ஆள் இல்லை. அறுந்த இடத்தில்கூட ரெண்டு கட்டத்துக்கு மேல் வீணாகாமல் ஒட்டுகிறவர். புரொஜக்டருக்குள் கார்பன் குச்சி எரிகிற சூட்டில் நின்று நின்று முகமெல்லாம் கருத்துப்போன மனுஷன்.

ஆனால் அவர் அப்படி ஆடியதற்கு வேறு ஒரு காரணம் உண்டு. அது இந்தத் தியேட்டரில் முதலாளிக்கும் அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். இதே படம் முதலில் கீழ்பென்னாத்தூர் கொட்டாய்க்கு வந்தபோது ரீல் இருக்கிற பொட்டி ஒன்று, கொட்டாய் ரெண்டு. பக்கத்து ஊர்க் கொட்டாயில் ஓட்டி முடிக்கிற ரீலை சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்கள், நாங்கள் ஓட்டுவோம். அந்தக் காலத்தில் அது எல்லா ஊரிலும் உண்டு. முதல் நாளே நல்ல மழை. கடைசி ரீலை, பதினாலாவதை, கொண்டுவந்த ஆள் ஏரிக்கரையில் வழுக்கி சைக்கிளோடு தண்ணீரில் விழுந்தார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரீல் அப்பளம் மாதிரி ஊறிப்போச்சு.

இங்கே பதிமூணாவது ரீல் முடியப் போகிறது. அதன் கடைசியில் கதாநாயகி கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, புருஷன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, ரோட்டில் நடந்து போகிறாள். அடுத்த ரீல் இல்லை. கூட்டம் கொட்டாயைப் பிரித்துவிடும் என்று பயந்து, சம்பந்தம் படம் முடிந்தால் போடுகிற 'வணக்கம்' சிலைடைப் போட்டார். மூலையில் கீறல் விழுந்த கண்ணாடி சிலைடு. நான் வாசலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜனம் எழுந்தது, மண்ணைத் தட்டிவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போச்சு. ஒருத்தர் ஒரு குறை சொல்லவில்லை! மாற்று ரீல் வரவே இல்லை. அந்த வாரம் முழுக்கப் பதிமூணு ரீலோடு ஓட்டினோம். பாட்டில் ஒரு வரி குறைந்தால் சண்டைக்கு வருகிற ஜனம், ஒரு ரீலையே முழுங்கியதைக் கண்டுகொள்ளவில்லை. யோசித்துப் பாருங்கள், எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஜனம் மறந்தாலும் சம்பந்தம் மறக்கவில்லை. மேனேஜர் இறங்கிப் போனதும் என்னிடம் வந்து சொன்னார்.

"ஒரு தடவ கொறச்சேன். அந்தப் பாவம் போதும் கொட்டாயக்கா. இனிமே இந்தக் கையால ஒரு அடி பிலிமு கொறயாது."

ஒட்டுத் துண்டு

பதினாலாவது ரீலில் என்ன இருந்தது என்று எனக்கும் அந்த வாரம்தான் தெரிந்தது. சொல்லவே வாய் கூசுகிறது. புருஷனுக்குக் காய்ச்சல் என்று யாரோ வந்து சொல்கிறார்கள். போனவள் ஓடி வருகிறாள். வாசற்படியில் விழுந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு, தப்பெல்லாம் என்னுடையது என்கிறாள். அடித்தவன் படுத்தபடியே பெரிய மனசு பண்ணி அவளை மன்னிக்கிறான்! எல்லாரும் நின்று அழுகிறார்கள், மாமியார்கூட. அந்த ரீலை ஏரியில் போட்டவர் புண்ணியவான் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அஞ்சலை வந்தாள். வேர்க்கடலையை மல்லாட்டை என்போம் நாங்கள், அதை உடைக்கிற மில்லில் சலிக்கிற வேலை செய்கிறவள். அவளை எனக்குக் கீழ்பென்னாத்தூரிலேயே தெரியும். அப்போது இருபது வயசு இருக்கும், கையில் குழந்தை. இதே படத்துக்கு வந்தாள். குழந்தை அழுததென்று என் மடியில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடிக் கடைசிவரை பார்த்தாள். வெளியே வந்து குழந்தையை வாங்கினாள். புருஷன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் நடந்தாள். அதற்கப்புறம் அவள் அந்த வீட்டுக்குப் போகவே இல்லை என்று பின்னால்தான் கேள்விப்பட்டேன். அவள் முதுகில் இருந்த சூட்டுத் தழும்பையும் பின்னால்தான் பார்த்தேன்.

திங்கட்கிழமை காட்சி விட்டு வெளியே வந்தவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "யக்கா, அந்தக் கடைசித் துண்ட எவன் ஒட்டினான்?" எல்லாரும் எதை வெட்டினாய் என்று கேட்பார்கள், இவள் எதை ஒட்டினாய் என்று கேட்கிறாள். யாரும் ஒட்டவில்லையே என்றேன். "பொய் சொல்லாத. நான் என் கண்ணால பார்த்தவ. அவ கதவச் சாத்திட்டுப் போனா. திரும்பிக்கூடப் பார்க்கல. போய்க்கினே இருந்தா. அத்தப் பார்த்துத்தானே நானும்..." என்றாள். ஏரி, சைக்கிள், மழை எல்லாம் என் நாக்கு நுனிக்கு வந்தது. சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வேன், உன் வாழ்க்கை ஒரு சைக்கிள் வழுக்கியதால் இப்படிப் போச்சு என்று? அவள் தியேட்டர் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அவ திரும்பிப் போயிட்டாளாக்கா? அப்ப இத்தினி வருசமா நான் ஒருத்திதான் நடந்துக்கினு இருக்கேனா?"

அண்ணன் கேட்ட டிக்கெட்டு

அஞ்சலை அன்றைக்கு ஏன் படத்துக்கு வந்தாள் என்று புதன்கிழமை தெரிந்தது. அவள் அண்ணன் ஏழுமலை வந்து சொன்னார். நல்ல உழைப்பாளி, குடிக்க மாட்டார், தங்கைக்கு இத்தனை வருஷம் அரிசி கொடுத்தவர். அதனால்தான் அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் மதிப்பு.

அஞ்சலை மகள் செல்விக்குப் போன வருஷம் கல்யாணம் ஆயிருந்தது. என் மடியில் கிடந்த அதே குழந்தை. புருஷன் அடித்ததில் இடது காது கேட்காமல் போய், அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்து ஒரு மாசம். வெள்ளிக்கிழமை அவன் வீட்டார் வந்து கூப்பிடப் போகிறார்கள். போகலாம் என்கிறார் மாமன். வேண்டாம் என்கிறாள் அம்மா. அந்தப் பெண் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். அஞ்சலை எப்போதும் சொல்கிற பேச்சு ஒன்று உண்டாம்: 'அந்தப் படத்துல அவ திரும்பிப் போகல, நானும் போகல, எங்க தலையில வானமா இடிஞ்சி வுழுந்துச்சி?' அந்த முடிவை இன்னொரு தடவை பார்த்துத் தெம்பு ஏற்றிக்கொள்ளத்தான் அவள் திங்கட்கிழமை வந்திருக்கிறாள். அப்படி என்ன படம் அது என்று பார்க்க ஏழுமலை புதன்கிழமை வந்திருக்கிறார். பார்த்தார். கடைசி ரீலையும் பார்த்தார். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு.

"பார்த்தியாம்மா! இத்தினி வருசமா எங்க அஞ்சல கதையவே மாத்திச் சொல்லிக்கினு இருந்திருக்கா. நாளைக்கு ரெண்டு பேரையும் இட்டாரேன். முன்னாடி சீட்டா பார்த்துப் போடு. அந்தக் கடைசிக் கட்டத்த என் மருமவ நல்லா பார்க்கணும்" என்றார். காது போன பெண்ணை மறுபடி அங்கே அனுப்புவது நியாயமா என்று கேட்டேன். எனக்கு எதற்கு அந்த வேலை என்று நீங்கள் கேட்கலாம். மடியில் வைத்திருந்தவளாச்சே. அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கோபம். பொறுமையாகச் சொன்னார்.

"எனக்கும் ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குதும்மா. படத்துல அவ்ளோ பெரிய கதாநாயகியே கால்ல வுழுந்துட்டுப் போறா, இவளுக்கு என்னா?"

காணாமல் போனது

வியாழக்கிழமை, அந்தப் படத்துக்குக் கடைசி நாள். காலையிலேயே மாடிக்கு ஏறி சம்பந்தத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்றைக்கு ஒரு காட்சி மட்டும் பதிமூணோடு முடியுங்கள் என்று கெஞ்சினேன். ரீலைச் சுற்றிக்கொண்டே தலையை ஆட்டினார். "பொண்ணு கத கேக்க எனக்கும் வயிறு எரியுது. ஆனா நான் கொறைக்க மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றார். சத்தியம் பண்ணின ஆம்பளையிடம் பேசுவதும் மலையிடம் பேசுவதும் ஒன்றுதான். சாரதா பதினாறு பௌர்ணமி பேசியதை நான் கேட்டவள்.

காட்சி ஆரம்பித்தது. ஏழுமலை ஆம்பளைங்க பக்கம் போனார். அஞ்சலையும் செல்வியும் என் வாசல் வழியாக வந்தார்கள். நான் என்னமோ சொன்னேன், செல்வி வலது காதைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். டிக்கெட்டைக் கிழிக்கவே எனக்குக் கை வரவில்லை.

இடைவேளைக்கு சம்பந்தத்துக்கு டீ கொண்டுபோவது என் வழக்கம். அன்றைக்கும் கொண்டுபோனேன். அவர் டீயோடு ஜன்னல் பக்கம் திரும்பினார். பலகையில் ரீல்கள் வரிசையாகத் தகர டப்பாவில் இருந்தன, மேலே நம்பர். படிப்பு எனக்குக் கம்மி. நம்பர் தெரியும். பதினாலாம் நம்பர் டப்பாவை எடுத்தேன், சாப்பாட்டுத் தட்டு அகலம்தான், ஆனால் நல்ல கனம். முந்தானைக்குள் இடுப்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். படியில் மேனேஜர் எதிரே வந்தார். "என்னம்மா அது?" என்றார். "டீ கொண்டுபோன தட்டுங்க" என்றேன். எத்தனை கிளாஸுக்கு இவ்வளவு பெரிய தட்டு என்று கேட்கிற புத்தி அவருக்கு இருந்திருந்தால் அவர் ஏன் எங்கள் கொட்டாயில் மேனேஜராக இருக்கப் போகிறார்? டப்பாவை ஸ்டூல் மேல் வைத்தேன். மேலே சாக்கை மடித்துப் போட்டேன். ஏறிக் குந்திக்கொண்டேன்.

பன்னிரண்டாவது ரீல் முடியும்போது சம்பந்தம் வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "கொட்டாயக்கா, பதினாலு எங்க?" "என்னைக் கேட்டா? நான் டிக்கெட்டு கிழிக்கிறவ." அவர் என்னைப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார். வழக்கமாகத் தரையைத் தொடுகிற என் கால் அன்றைக்கு நாலு விரல் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கதாநாயகி அடி வாங்குகிற சத்தம். சம்பந்தம் துண்டால் முகத்தைத் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். அப்புறம் படியேறப் போனவர் திரும்பி நின்று, எனக்குச் சொல்கிற மாதிரி தனக்கே சொல்லிக்கொண்டார்.

"நான் கொறைக்கல. காணாம பூட்ச்சி. காணாம போனதுக்கு நான் என்னா பண்ண முடியும்?"

வணக்கம்

கதாநாயகி கதவைச் சாத்தினாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். ரோட்டில் நடந்தாள். திரையில் 'வணக்கம்' வந்தது. மூலையில் கீறல் விழுந்த அதே கண்ணாடி சிலைடு! அதை சம்பந்தம் எங்கே வைத்திருந்தார், எதற்கு வைத்திருந்தார், இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஆம்பளைங்க பக்கம் ஏழுமலை துள்ளி எழுந்தார். "ஏய் ஆப்பரேட்டரு! கடைசி ரீலு எங்கய்யா? நேத்து நான் பார்த்தேனே!" அதற்கு மேல் அவரைப் பேசவிடவில்லை. ஊஞ்சல் பாட்டு வருகிறதா என்று பார்க்க அந்த வாரத்தில் நாலாவது தடவை வந்திருந்த கண்டக்டர் ஐயா எழுந்தார். "யோவ், குந்துய்யா! இதான்யா படம். கீழ்பென்னாத்தூர்ல ஒம்போது தடவ பார்த்தவன் சொல்றேன், இங்கதான் முடியும். நேத்து வரைக்கும் எத்தையோ ஒட்டி இழுத்துக்கினு இருந்தானுங்க. இன்னிக்கித்தான் ஒழுங்கா போட்டிருக்கான்!" சுற்றிலும் பழைய கொட்டாய் ஜனம். "ஆமாய்யா, இப்பிடித்தான் முடியும்" என்று நாலு பக்கமும் குரல். "நாங்க அப்பவே பார்த்துட்டோம், நீ எங்கயோ தூங்கிட்டுக் கனாக் கண்டிருப்ப" என்றது ஒரு குரல். ஒரு வாரம் முழுக்க என் உயிரை எடுத்த ஜனம். அன்றைக்கு அவர்கள் வாய்க்குச் சர்க்கரை போடலாம் போலிருந்தது.

அஞ்சலை வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்தேன். பதினேழு வருஷத்துக்கு முன்னால் குழந்தையை வாங்க வந்த முகம். என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்வி எனக்கு நேராக வந்து, நல்ல காதைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"யக்கா, அவ்ளோதானா? அப்பறம் அவ என்னா ஆனா?"

"அப்பறமா? மல்லாட்ட மில்லுல வேலைக்குச் சேந்தா. பொண்ண வளத்தா. கஷ்டந்தான். ஆனா சோத்துல கல்லு இருந்தா அவளே எடுத்துப் போட்டுட்டுத் துன்னா, எவனும் தட்டால அடிக்கல" என்றேன்.

செல்வி தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அதுவரை அந்தப் பெண் அம்மாவை அப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

ஏழுமலை மேனேஜரை இழுத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே, அவரை விடக் கூடாது என்று கண்டக்டர் ஐயா. மூணு பேரும் என் எதிரே நின்று ஒரே நேரத்தில் கத்தினார்கள். "எழுந்து வந்து பதில் சொல்லும்மா" என்றார் மேனேஜர். "கால் மரத்துப் போச்சுங்க" என்றேன். அவர்கள் மாடிக்குப் போய்த் தேடினார்கள், பொட்டியைக் கவிழ்த்துத் தேடினார்கள். கத்திக் களைத்துக் கலைந்து போனார்கள். சாயங்காலம் பொட்டி கட்டும்போது பதினாலு ரீலும் வரிசையாக இருந்தன. எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் அதே மேனேஜர்தான்.

வெள்ளிக்கிழமை கூப்பிட வந்தவர்களுக்கு வீட்டில் பெண் இல்லை. மில்லில் அம்மாவுக்கு எதிர்ப்பக்கம் சல்லடையைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாளாம். அங்கேயும் போய்க் கூப்பிட்டதற்கு, காது கேட்காத பக்கத்தைத் திருப்பிக்கொண்டாளாம். அதை என்னிடம் வந்து சொன்னவர் ஏழுமலைதான். சொல்லிவிட்டுக் கை நீட்டி ஒரு வார்த்தை கேட்டார்.

"ஒரு குடும்பத்தையே கெடுத்துட்டீங்களேம்மா, நல்லா இருப்பீங்களா?"

நல்லாத்தான் இருக்கிறேன், இத்தனை வருஷ வேலையில் ஊருக்கு நான் செய்த கெடுதல், ஒரு வியாழக்கிழமை எல்லாரும் எழுந்திரு எழுந்திரு என்று கத்தியும் எழுந்திருக்காமல் குந்தியிருந்தது ஒன்றுதான்.